சும்மா வாங்கத் தெரியாதவர்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அங்கே அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கைமாறு'. காலையில் யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டால், சாயங்காலத்துக்குள் அவர்களுக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தால்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும். மழைக்குக் குடை கொடுத்தவரிடம் அதைத் திருப்பும்போது, வளைந்த கம்பியை நிமிர்த்தி, பிடிக்கு எண்ணெய் போட்டுத் திருப்புவார். கல்யாணமான புதிதில் எனக்கு இதில் பெருமை. பிறகு எரிச்சல். ஒரு நாள் தலைவலி என்று படுத்திருந்தவருக்கு நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். மறுநாள் நான் எழுந்திருப்பதற்குள் வீட்டிலுள்ள பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். கட்டின பெண்டாட்டிக்கே பதில் மரியாதை செய்கிற மனுஷனை என்ன செய்வது?

நான் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவள். அவர் என்னைக் கட்டிக்கொண்ட பிறகு வர ஆரம்பித்தவர். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசு நமக்காகச் செத்ததை நினைத்து அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். உட்கார்ந்த இடத்துக்கு யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். நாமே எழுந்து முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து ஏந்த வேண்டும். தட்டிலிருந்து நாமாக எடுக்கவும் கூடாது, வைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். யார் பெற்ற பிள்ளை, யார் வீட்டு மருமகன் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. அதற்குப் பதிலாக சபையின் மின்விசிறி, பெஞ்சு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் பழுது பார்த்தார்.

"இயேசு எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டாருப்பா. நீ வாங்கிக்கிறதுதான் பாக்கி. கிருபைக்கு சர்வீஸ் சார்ஜ் கிடையாது," என்று போதகர் ஐயா கேலி செய்வார்.

"சும்மா உக்காந்து கேட்டுட்டுப் போறது எனக்கு ஒத்து வராதுங்க ஐயா," என்று இவர் விசிறிக்குக் கீழே ஏணியைப் போடுவார். எனக்கு அழுகையாக வரும். இவ்வளவு நல்லவரைக் கடவுள் விட்டுவிடுவாரா என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

அந்த நல்லவரின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பஸ்ஸுக்குச் சக்கரம் மாட்டுவதற்கு டிப்போவில் ஒரு முறை இருக்கிறது. ஒரு சக்கரத்துக்குப் பத்து நட்டு. முதலில் குட்டை ஸ்பேனரால் பத்தையும் ஓரளவு இறுக்குவார்கள். பிறகு நீளக் கைப்பிடி ஸ்பேனரைக் கொண்டுவந்து, உடம்பின் பாரத்தையே அதில் போட்டு, எதிரெதிர் நட்டாக முடுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். சூப்பர்வைசர் வந்து கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நட்டைத் தொட மாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஒரு பஸ்ஸின் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி மாட்டினார். ஒன்றை முழுதாக முடுக்கியாயிற்று. டிரைவர் பக்கத்துச் சக்கரத்தைக் குட்டை ஸ்பேனரால் இறுக்கியதோடு, வேறு பஸ் ஒன்று கிளம்பவில்லை என்று கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியவர், வேலை முடிந்ததென்று நினைத்து, பெயிண்ட் டப்பாவை எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் கோடு போட்டுவிட்டார்.

அந்த பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனவன் என் தம்பி. முதல் நடை, வண்டியில் ஆள் ஏறவில்லை, அந்த மட்டும் புண்ணியம். பாலத்து இறக்கத்தில் சக்கரம் கழன்று ஓட, பஸ் சுவரில் மோதியது. தம்பிக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விசாரணையில் சூப்பர்வைசர் கோடு இருந்தது, கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னார். டிரைவர் வேகமாக இறங்கி ஓரக்கட்டையில் இடித்ததால்தான் சக்கரம் கழன்றது என்று எழுதி, தம்பியை வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். விபத்துச் சேதி வந்த நிமிஷமே என் வீட்டுக்காரர் டிப்போவில் சக்கரம் மாட்டிய இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். நீளக் கைப்பிடி ஸ்பேனர், முதல் சக்கரம் மாட்டிய பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிறு மத்தியானம் ஆனால் அவர் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவார் என்பதுதான். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை, குளியலறையில் கைப்பிடிக் கம்பி, உயரம் குறைத்த அலமாரி என்று செய்துகொண்டே இருந்தார். "மச்சினனுக்கு இப்படிச் செய்யற மனுஷன் யாருக்குக் கிடைப்பாங்க?" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் நானும் கூடப் போயிருந்தேன். சமையலறையில் தம்பி மனைவியோடு நின்றிருந்தபோது, கூடத்தில் சுத்தியல் சத்தம் நின்றது.

"மச்சான், அந்தச் சக்கரத்த நான் முடுக்கல," என்றார் இவர்.

"தெரியும் அத்தான்," என்றான் தம்பி.

"எப்படி?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கல்ல? எல்லாரும் என் காலப் பாத்தாங்க. நீங்க கட்டிலோட சக்கரத்தயே பாத்துட்டு நின்னீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஏன்டா ஒண்ணும் கேக்கல?"

"முதல்ல உங்களக் கொன்னுடலாம்னுதான் இருந்துச்சு. நாலு மாசம் அப்படித்தான். அப்புறம் ஜெபம் பண்ணிப் பண்ணி விட்டுட்டேன். மன்னிச்சாச்சு அத்தான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அதற்கு இவருக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம். "அப்படியெல்லாம் சும்மா விடாத. ஏதாவது கேளு. என்ன வேணும்னாலும் கேளு," என்று கத்தினார்.

"என்னத்தக் கேக்க? கால் குடுப்பீங்களா?" என்றான் தம்பி. அவன் குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது.

நான் அழவில்லை. அடுப்பை அணைத்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைப்பேன், தட்டை நங்கென்று வைப்பேன். கூடப் பிறந்தவன் ஒற்றைக் காலோடு தத்தியதை இரண்டு வருஷம் என் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷனுக்கு, பேச்சு ஒரு கேடா?

அவரோ அடுத்த ஞாயிறும் பையைத் தூக்கினார். இருக்கிற சரிவுப் பலகை போதாதென்று பின்வாசலுக்கு இன்னொன்று. இந்த முறை தம்பி மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்ல ரிப்பேர் பண்ண இனிமே ஒண்ணும் இல்ல. நீங்க சுத்தியலத் தட்டுறப்பல்லாம் இவருக்கு அந்த நாள் திரும்ப வருது. இவரு குடுத்தத வாங்கிக்குங்க. இல்லன்னா வராதீங்க."

பதினோராம் நாள் அவரே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பையில்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அவன் சும்மா குடுக்கறான். எனக்கு வாங்க முடியல," என்றார்.

"ஏன், கை இல்லையா?" பதினோரு நாளைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வாங்கிட்டா, செஞ்சது நான்தான்னு ஆயிடும். வேல செஞ்சுட்டே இருந்தா ஏதோ உதவி பண்ற மாதிரி இருக்கு. எனக்கே நான் நல்லவனாத் தெரியறேன்."

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான் என்று தோன்றியது. ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை. "செஞ்சது நீங்கதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

போன மாதம் முதல் ஞாயிறு. போதகர் ஐயாவுக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து அப்பத் தட்டைப் பிடிப்பது என் தம்பிதான். கால் முடியாததால் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான், போகிறவர்கள்தான் குனிந்து வாங்க வேண்டும். வரிசை நகர்ந்தது. என் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. பார்த்தால், இவர் எழுந்து நடந்து போகிறார்.

தம்பிக்கு முன்னால் போய் நின்றவர் கையை நீட்டவில்லை. சபையின் பக்கம் திரும்பினார்.

"இவன் ஓட்டுன பஸ்ஸோட சக்கரத்த நான் முடுக்கல. முடுக்காமலே கோடு போட்டேன். இவன் மேல தப்பே இல்ல. நாளைக்கு டிப்போவுல எழுதிக் குடுக்கறேன்."

டிப்போக்காரர்கள் இரண்டு பேர் எங்கள் சபையில் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் தம்பியிடம் திரும்பி, "இப்ப வாங்கலாமா?" என்று கேட்டார்.

தம்பி, அப்படியில்லை என்பதுபோல் தலையை ஆட்டினான். "எழுதிக் குடுக்கறதுக்காக இது இல்ல அத்தான். அது வேற. கைய நீட்டுங்க."

இவர் குனிந்து இரண்டு கையையும் விரித்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் ரேகைகளில் கருப்பாக ஓடியது. தம்பி ஒரு துண்டு அப்பத்தை வைத்தான். சின்னத் துண்டுதான். மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதார்.

அடுத்து எங்கள் பெஞ்சு. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் போகவில்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு மாதம் விடாமல் எழுந்து போனவள் நான். எழுந்து போகாதவருக்காக முழங்கால் தேய ஜெபித்தவள். அன்று என் கை இரண்டும் இறுக மூடி மடியில் கிடந்தன. கால் போனவன் மன்னித்துவிட்டான். எனக்குத்தான் முடியவில்லை. மன்னிக்காத மனசோடு அந்தக் கையை எப்படி விரிப்பேன்? அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது. அது போய்விட்டால் நானும் அவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அவரைவிட நான் ஒரு படி மேல் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், அது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

தம்பி தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வெள்ளைத் துணியால் மூடினான்.

திங்கட்கிழமை சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை மறுபடி தொடங்கியிருக்கிறது. தம்பி வீட்டுக்கு வெறும் கையோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். காலையில் நான் காய் நறுக்கும்போது அடுத்த அறையில் அவர் ஜெபிப்பது கேட்கிறது. இத்தனை வருஷம் நான் அவருக்காகச் சொன்ன அதே வார்த்தைகளை, தட்டுத் தடுமாறி, அவர் எனக்காகச் சொல்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. நறுக்குவதையும் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.