இலவசம்னு போடாதீங்க தம்பி

பிலோமினா அக்கா இறந்துவிட்டார்.

இன்று மதியம் கலவானைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. இரத்தினபுரி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்... எழுதாமல் கொழும்புக்குப் போக மனம் வரவில்லை.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் அக்காவைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டீர்கள்.

அரசாங்கத்தின் வரியும் உதவித் திட்டங்களும் தோட்டக் குடும்பங்களை எப்படிப் பாதிக்கின்றன என்று நான் வேலை செய்யும் ஆய்வு நிறுவனம் ஒரு சர்வே செய்தது. நான் கொழும்பிலிருந்து போன ஆள். அக்கா, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் பதிவதற்கு நாங்கள் அங்கேயே எடுத்த ஆள். அதற்கு முன் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

முதல் நாள் மழை. அட்டை ஏறாமல் இருக்க என் காலில் சவர்க்காரம் பூசச் சொன்னார். பிறகு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நாற்காலி போட்டால் உட்கார வேண்டாம், படியில் உட்காருங்கள் என்றார். நாற்காலியில் இருந்து கேட்டால் தோட்டத்துத் தொரை விசாரிப்பது போல இருக்குமாம்.

கேள்வித்தாளில் "நீங்கள் வரி கட்டுகிறீர்களா?" என்று ஒன்று. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். இல்லை.

ஒரு வீட்டில் அக்கா அலமாரியில் இருந்த பால்மா பாக்கெட்டை எடுத்துக் காட்டி, இதிலும் வரி இருக்கிறது, நீங்களும் கட்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டார். பதிலை நாம் சொல்லிக் கொடுக்கக்கூடாது என்று வெளியே வந்து அவரைக் கண்டித்தேன்.

"கட்டுறதே தெரியாம கட்டுறாங்க தம்பி. அதையும் எங்கயாவது எழுதணும்ல?"

பிறகு கொழும்பில் நடந்த பிரசன்டேஷனில் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். கைதட்டினார்கள். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பதிவை எழுதுவது அதற்காக இல்லை.

"வீடு யாருடையது?" என்று இன்னொரு கேள்வி. சொந்தம், வாடகை, இலவசம். மூன்றில் ஒன்றைத்தான் அழுத்த முடியும். நாங்கள் "இலவசம்" என்று அழுத்தினோம். மூன்றாவது வீட்டிலேயே அக்கா நின்றுவிட்டார்.

"இலவசம்னு போடாதீங்க தம்பி. வேலைக்கு போற வரைக்கும்தான் இந்த வீடு. வேலைய விட்டா எறங்கச் சொல்லுவாங்க. அதுக்கு பேரு இலவசமா?"

எனக்குத் தெரியாததில்லை. நான் கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா வேலையை விட்ட பிறகு வீட்டைக் கேட்டு ஆள் வந்ததை வாசலில் நின்று பார்த்தவன்.

கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறது, அதில் எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா எழுதினார். ஒவ்வொரு வீட்டுக்கும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி... சில நேரம் நான் வீதியில் நின்று அலுத்துப்போகும் அளவுக்கு.

நான் அதைப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது. குறிப்புகளை வாசித்துப் பிரிக்க நேரம் இல்லை என்று அந்தப் பகுதியையே எடுத்துவிட்டேன். நான். வேறு யாரும் சொல்லவில்லை. "வீட்டுச் செலவு இல்லாததால் தோட்டக் குடும்பங்களின் நிலை எதிர்பார்த்ததைவிட மேல்" என்று ஒரு வரி எழுதினேன். பக்கத்தில் ஒரு கிராஃப்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அப்படியென்றால் உதவித் திட்டத்தில் தோட்டங்களுக்குத் தனிக் கவனம் தேவையில்லையே என்றார். மறுத்துப் பேச என் கையில் அக்காவின் குறிப்புகள் இருந்திருக்க வேண்டும். நான் தண்ணீர் குடித்தேன்.

நான் எழுதிய அந்த ஒரு வரியால் யாருக்கு என்ன நின்றுபோனது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம்... அப்படிச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

ரிப்போர்ட்டின் சுருக்கம் சிங்களத்தில் வந்தது. தமிழில் வரவில்லை. அக்காவுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். வாசித்துவிட்டு எனக்கு போன் எடுத்தார்.

"நான் எழுதுனது ஒண்ணுமே இதுல இல்லையே தம்பி?"

இடம் போதவில்லை, அடுத்த ரிப்போர்ட்டில் வரும் என்றேன். பொய். அடுத்த ரிப்போர்ட் என்று ஒன்று இல்லவே இல்லை.

"நான் அந்த சனங்ககிட்ட எழுதியாச்சுனு சொல்லிட்டேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு தடவை போன் எடுத்தார். இரண்டு தடவையும் நான் ஆன்சர் பண்ணவில்லை.

நேற்று அக்கா மகளின் மெசேஜ் வந்தது. அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

இன்று அக்கா வீட்டு முன்னால் பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். சர்வேக்கு நாங்கள் போன வீடுகளில் அவருடையதும் ஒன்று. என்னை அடையாளம் கண்டுகொண்டார். ரிப்போர்ட்டில் வீட்டு விஷயம் வரவில்லை என்று அக்காவே வீடு வீடாக வந்து சொன்னாராம். மழையில், தனியாக.

"தான்தான் சரியா எழுதலனு சொல்லிச்சுங்க. எங்ககிட்ட மன்னிப்பும் கேட்டுச்சு."

பிறகு எப்படியோ சொன்னேன்.

"அவங்க மேல தப்பு இல்லைங்க ஐயா. அவங்க எல்லாத்தையும் எழுதுனாங்க. நான்தான் எடுத்துட்டேன்."

பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.

உட்கார முடியவில்லை.

மகளிடமும் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள், போனேன்.

நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள் பிலோமினா அக்கா.

போய் வாருங்கள்.