கருப்பு மை தடவிய கார்டு

2004-ஆம் வருடம், புரட்டாசி மாதம். அப்போது நாங்கள் பூனாவில் கசார்வாடியில் குடியிருந்தோம். என் கணவருக்குப் போசரியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நானோ திருநெல்வேலிப் பக்கம் எட்டாவதோடு நிறுத்தியவள்.

அந்த வருடம் மகளின் பள்ளிக்குப் புதிதாக ஓர் இங்கிலீஷ் டீச்சர் வந்திருந்தார். மராத்திக்காரப் பெண், சின்ன வயசு. அவர் கொடுத்த வேலை எனக்கு விளங்கவே இல்லை. பிள்ளைகள் ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் விசாரிக்க வேண்டும். ஆனால் அதைக் கட்டுரையாக எழுதக் கூடாதாம். கடிதம், தந்தி, பேப்பர் செய்தி, இரண்டு பேர் பேசுவது, நோட்டீஸ், பாட்டு என்று ஆறு விதமாக எழுதி ஒரே ஃபைலில் கோர்க்க வேண்டுமாம். என் மகள் எடுத்துக்கொண்ட விஷயம், எங்கள் வீட்டுக்கு இத்தனை வருஷமாகச் செய்தி வந்த விதம்.

இது படிப்பா விளையாட்டா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் காலத்தில் பசுவைப் பற்றி எழுதினாலும் பொங்கலைப் பற்றி எழுதினாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரைதான். மனசு கேட்காமல், பெற்றோர் கூட்டத்துக்குப் போன இடத்தில் எனக்குத் தெரிந்த இந்தியில் டீச்சரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார். ஒரே சங்கதியைத் தந்தியாக எழுதினால் ஒன்று விட்டுப்போகும், கடிதமாக எழுதினால் வேறொன்று விட்டுப்போகும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனக்கு எது தெரியாது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மறுநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது, இதைத் தந்தியாக அடித்தால் எப்படி இருக்கும், ஊருக்குக் கடிதமாக எழுதினால் யார் மேல் குற்றம் சொல்லி எழுதுவேன் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மகளும் தினமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். எஸ்.டி.டி. பூத்தில் எப்படிப் பேசுவோம், இன்லண்ட் லெட்டரை எப்படி மடிப்போம் என்று. சொல்லச் சொல்ல எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள், அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, தவறிய செய்தி எப்படி வந்தது என்று கேட்டாள். கார்டில் வந்தது, ரொம்ப லேட்டாக வந்தது என்று மட்டும் சொன்னேன்.

"கார்டுல என்னம்மா எழுதிருந்துச்சு?"

மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். அது பொய். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபைலைக் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை குளித்துவிட்டு விளக்கேற்றப் போனேன். சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால் மகளின் ஃபைல் இருந்தது. பரீட்சை என்றால் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடு என்று நான் பழக்கியதுதான். திருநீறு பூசி வைக்கலாம் என்று ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஒரு தபால் கார்டு. நாலு மூலையிலும் கருப்பு மை.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி அப்படித்தான் வரும். வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவோம். அந்தக் கார்டை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். இங்கே அது சாமி காலடியில் இருக்கிறது. ஒரு நிமிடம் நிஜக் கார்டு என்றே நினைத்துவிட்டேன். அப்புறம்தான் அதில் இருந்தது மகளின் கோணல் தமிழ் எழுத்து என்று தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. நாலாகக் கிழித்து வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டு, மறுபடியும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

ஈரத் தலையோடு வந்தபோது மகள் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "முழுசும் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"படிக்கதுக்கா இத சாமிகிட்ட வச்ச? வெளங்குமா?"

என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். "கார்டக் கிழிச்சாச்சு, தலையும் முழுகியாச்சு. செத்தது யாருன்னு மட்டும் கேக்கல" என்றார்.

 மகள் ஒரு மாதமாக உட்கார்ந்து செய்த வேலை அது. அதில் தமிழில் எழுதியது, நான் சொல்லாமல் விட்ட அந்தத் தாத்தா கார்டு ஒன்றுதான். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறாள். எனக்கு மனசு உறுத்தியது. மற்றதையாவது பார்ப்போம் என்று ஃபைலை எடுத்து, கணவரைப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

பூத்தில் பேசுகிற பேச்சு, மீட்டர் ஓடுகிற பயத்தோடு அச்சு அசலாக இருந்தது. அடுத்தது பேப்பர் செய்தி. தபால்காரரின் அலட்சியத்தால், கசார்வாடியில் ஒரு பெண்ணுக்குத் தகப்பன் இறந்த செய்தி பதினோரு நாள் கழித்துக் கிடைத்தது என்று எழுதியிருந்தாள். ஒரு பாட்டும் இருந்தது. அதிலும் தபால்காரரைத்தான் திட்டியிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து வருஷமாக நான் வீட்டில் சொல்லி வந்தது அதுதான்.

டீச்சர் சொன்ன மாதிரி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. அவளுக்குத் தெரியாதது எது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

முருகன் படத்தைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன். தபால்காரர் மேல் தப்பில்லை. அப்போது பூனாவிலேயே வானவடியிலிருந்து கசார்வாடிக்கு வீடு மாறி ஒரு மாதமாகியும் அப்பாவுக்குப் புது விலாசம் நான் எழுதவே இல்லை. சாமான் அடுக்கிவிட்டு எழுதலாம், அமாவாசை கழித்து எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தந்தி பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டது. கார்டை மட்டும் அந்த வீட்டுக்காரர் விலாசத்தை மாற்றி எழுதித் தபாலில் போட்டதால் அது ஒன்றாவது வந்து சேர்ந்தது.

கணவர் என்னைப் பார்த்தார். "நீ எழுதிட்டேன்னுல்லா நான் நெனச்சிருந்தேன்" என்றார். 

மகள் இன்னொரு கார்டும் வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் வைத்து எழுத மட்டும் மனம் வரவில்லை. ஊரிலிருந்து என் அண்ணன் அன்று எழுதியிருந்தபடியே எழுதினேன். எங்கள் தகப்பனார் அவர்கள் சிவலோக பதவி அடைந்தார்கள் என்று எழுதி முடித்தேன். மூலைகளில் மை தடவியது மகள்.

தடவிக்கொண்டே கேட்டாள். "எழுதாம விட்டீங்கள்லம்மா, அந்த லெட்டர். எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

அவள் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டேன். அன்புள்ள அப்பாவுக்கு, முருகன் அருளால் இங்கு எல்லோரும் நலம். வீடு மாறிவிட்டோம். புது விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். எதுவானாலும் இந்த விலாசத்துக்கே எழுதவும். 'எதுவானாலும்' என்ற இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பத்து வருஷமாக வராத அழுகை அந்தப் படியில் வைத்து வந்தது. மகள் என் முதுகைத் தடவினாளே தவிர, அழாதீங்க என்று சொல்லவில்லை.

தபால்காரரைத் திட்டிய செய்தியை அவள் கிழிக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில் என் கடிதத்தைக் கோர்த்து, கீழே இங்கிலீஷில் அர்த்தம் எழுதினாள். டீச்சர் எவ்வளவு மார்க் போட்டார் என்பது இப்போது ஞாபகமில்லை. அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் அவர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இன்றைக்கும் ஏதாவது ஒரு காரியம் கெட்டுப்போய், ஏன் இப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டால், வாயில் முதலில் வருகிற பதிலைச் சொல்லிவிடாமல், இதையே அப்பாவுக்கு ஒரு கடிதமாக எழுதினால் என்ன எழுதுவேன் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.