நாற்காலியை விட்டு எழுந்தவர்

பழனியம்மாள் காலமான செய்தி வந்தபோது ராசிபுரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் அழுகை வரவில்லை. எவ்வளவு கூட்டம் வரும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. அவரை அறிந்தவர்கள் மன்னியுங்கள். எங்கள் ஊரிலிருந்தே மூன்று வேன்களில் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் அடுத்தடுத்த ஊராட்சிகளின் தலைவர்கள், ஒரே தேர்தலில் ஜெயித்தவர்கள். அவர் ஊர்க் கிராம சபையில் குடிநீர்த் தொட்டிக்கு இடம் பார்க்கும் பேச்சு வந்தது. சட்டென்று எழுந்துவிட்டார். "அந்த எடத்துக்குப் பக்கத்துல எங்கண்ணன் காடு இருக்குதுங்க. நானு வெளிய போயிக்கறேன். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க." துணைத் தலைவரை உட்காரவைத்துவிட்டுப் போனார். ஊர் வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தது. தன் புன்செய் நிலத்துக்குப் பக்கத்தில் தொட்டி வராத கோபத்தில் அண்ணன் கடைசிவரை அவரோடு பேசவில்லை.

நான் வேறு மாதிரி ஆள். தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் சபையைக் கூட்டுவேன். எங்கள் தொட்டி என் காட்டை ஒட்டி எழுந்தது, அவர் ஊர்த் தொட்டிக்கு முன்பே. "நீங்க எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா வேலை எப்பங்க முடியும்?" என்று சீண்டினேன். அவர் கோபப்படவில்லை.

"நானு உக்காந்திருந்தா, வேண்டாம்னு சொல்ல வந்தவங்க வாயத் தொறப்பாங்களாங்க?" என்றார்.

பிறகு எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதை நேராகப் போவதா, சுற்றிப் போவதா என்ற தகராறு வந்தது. என் ஊரார் என்னை விட்டுவிட்டு அவரை அழைத்து வந்தார்கள். அதைவிட அவமானம் வேறென்ன? அவரோ நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். "உங்க தலைவரு இருக்கையில நானு எதுக்குங்க?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இந்தப் பாதையில உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. "நேரா போனா எங்காடு போயிருமுங்க. அதான் சுத்துப் பாதையே போதும்னேன்," என்றேன். எழுந்து வெளியே போனேன். உள்ளே குரல்கள் கிளம்பின. ஐந்து வருடமாக என் சபையில் நான் கேட்டிராத குரல்கள். பாதை என் காட்டின் வழியாகவே போனது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. நான் என்னிடமே கேட்கத் தவறியதை அவர் கேட்டுவிட்டாரே என்ற பொறாமை, அவரைப் புதைத்த பின்னும் போகவில்லை.