மாட்டாமல் விட்ட வயர்

கம்ப்யூட்டர் நெட்வொர்க் பரீட்சையில் தோற்றால் மாமாவின் பஞ்சு மில்லில் சேர வேண்டும். அதனால் பாடக் கேசட் தேடி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வீடியோ கடைக்குப் போனேன். வெள்ளைத் தொப்பியும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக இருந்தார் கடைக்காரர் பாய். தான் முழுசாகப் பார்க்காத எந்தக் கேசட்டையும் வாடகைக்கு விட மாட்டார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ஆங்கிலத்தில் நடத்தும் பாடக் கேசட்டுக்கும் அதே விதிதான்.

நெட்வொர்க் பாடத்துக்கு இரண்டு வாத்தியார்களின் கேசட்டுகள் வைத்திருந்தார். எது நல்லது என்று கேட்டேன்.

“கோட்டு போட்டவரு வேண்டாம் தம்பி. எழுதி எழுதி அழிக்காரு, அவருக்கே சந்தேகம். தாடிக்காரரைக் கொண்டு போங்க, வயரைத் தொட்டு வேலை பாக்காரு. இடைவேளைக்குப் பொறவு செத்த நேரம் இழுக்கும், பொறுத்துக்கிடுங்க.”

தாடிக்காரரை மூன்று முறை பார்த்தேன். மதுரைக்குப் போய் எழுதிப் பாஸாகிவிட்டேன். சான்றிதழோடு போய்ச் சொன்னபோது பாய் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“அதை விடுங்க. அந்தத் தாடிக்காரரு கடைசியில ஒரு வயரை மாட்டாமலே எந்திரிச்சுப் போயிட்டாரே, அதை யாரு மாட்டுனா?”

அப்படியெல்லாம் இருக்காது என்றேன். கேசட்டைப் போட்டுக் காட்டினார். மூன்று முறை பார்த்தும் நான் கவனிக்காத அந்த வயர் மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சான்றிதழை மெல்லச் சுருட்டிக்கொண்டேன்.