ஆயுத பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

நோர்வூட் கடைத்தெருவில் சலூனுக்கு மேல்மாடியில் அழகுமுத்துவின் கேம் கடை இருந்தது. நான்கு கம்ப்யூட்டர்கள். மூன்று, யாரோ கழித்துவிட்டவை. நான்காவதை 2006இல் அவரே கொழும்புக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டினார். பையன்கள் அதை 'ராசா' என்பார்கள். மலைக்குளிரில் ஈரம் கோர்க்குமென்று, ஆயுத பூஜை நாளைத் தவிர ராசாவை அவர் அணைப்பதே இல்லை. கரண்ட் போனாலும் ஓட, பழைய பஸ் பேட்டரி ஒன்றைக் கட்டியிருந்தார்.

அதற்கு முன் அவர் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். ஒரு வருடம் கொழுந்து மிஞ்சிக் கிடக்கிறதென்று ஆயுத பூஜையன்றே கொழுந்து உருட்டும் ரோலரை ஓட்டச் சொன்னார், தோட்டத்தை நடத்தும் துரை. பொட்டின் சந்தனம் காயாத அந்த ரோலரில் கூட வேலை பார்த்த மாயாண்டியின் கை போயிற்று. சுவிட்சைப் போட்டவர் அழகுமுத்து. வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் சம்பளம் பற்றவில்லை என்பார். ஆனால் பூஜை நாளில் அவர் வீட்டில் கத்தரிக்கோலைக்கூட யாரும் தொட முடியாது.

ராசாவுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். அவற்றை எப்படி இணைப்பதென்று தெரிந்துகொள்ள, மதர்போர்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான் எதிரிலிருந்த டெலிபோன் கடையில் வேலை பார்த்தேன். இரண்டு வழி போட்டிருந்தது. ஒன்று, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை எழுதுவது; ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். மற்றது, எதையும் துண்டு துண்டாக்கி இதில் ஒன்று, அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதுவது. வேகமும் கூடும், இடமும் கூடும். ஆனால் ஒன்று செத்தால் இரண்டும் செத்ததற்குச் சமம். அந்த வரியை இன்னொரு முறை வாசித்துக் காட்டினேன்.

"கேம்தானே தங்கச்சி. போனா திரும்ப ஏத்திக்குவோம்," என்றார்.

கிராஃபிக்ஸ் கார்டிலும் அப்படித்தான். சின்ன கார்டு ஒன்றும் சீடி எழுதும் டிரைவ் ஒன்றும் வாங்கத்தான் போனார். கடையில் 256 எம்பி கார்டில் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் மழைத்துளி வழிவதுகூடத் தெரிந்ததாம். பெரிய கார்டோடு திரும்பினார். சீடி டிரைவ் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு வாங்கவில்லை.

மறு வருடம் மாசியில் தோட்டத்தின் மேல் டிவிஷனில், மன்மதன் எரிந்து எழுந்த கதையை ஆடும் காமன் கூத்து. காமனாக ஆடியவன், கொழுந்து பறிக்கும் சண்முகவடிவின் மகன் கிஷாந்த். இளைஞர் மன்றத்தார் வாடகைக்கு எடுத்த வீடியோ கேமராவை, கேசட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய கார்டில் கேமராவைச் சொருகவும் இடமிருந்ததால் படத்தை ராசாவில் ஏற்றினார்கள். ஆளுக்கொரு சீடி பின்னால் தருவதாகப் பேச்சு.

வைகாசியில் கிஷாந்த் கொழும்புத் துணிக்கடைக்கு வேலைக்குப் போனான். யுத்த காலம் அது. ஒரு மாலை அவனுடைய அறைக்கு வந்தவர்கள், விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிப்போனார்கள். தேடிப்போன எந்த இடத்திலும் அவன் பெயர் இல்லை என்றார்கள். வீட்டிலிருந்த ஒரே போட்டோவும் அந்த அலைச்சலில் எங்கோ ஒரு மேசையில் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சண்முகவடிவு மாடிப்படி ஏறி வருவார். ராசாவில் உட்கார்ந்திருக்கும் பையன் சொல்லாமலே எழுந்துகொள்வான். காமன் ரதியைப் பார்த்துச் சிரிக்கும்வரை பார்ப்பார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்குமுன், "போதும் தம்பி, நிப்பாட்டுங்க," என்பார். காமன் எரிவதோடு படமும் முடிந்துவிடும். கூத்தின் மூன்றாம் நாள் காமன் உயிர்த்து எழுந்து வந்ததை எடுக்கக் கேமரா இருக்கவில்லை.

2008இல் ஆயுத பூஜைக்கு முந்திய நாள் ராசாவுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டது. அழகுமுத்து எங்கள் கடையிலிருந்து ஹட்டனுக்கு, பழுது பார்ப்பவருக்குப் போன் எடுத்தார். எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம், இத்தனை காலம் ஓடிய டிஸ்க் நின்றால் மறுபடி சுற்றாமலே போகலாம் என்றார் அவர். வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துத் தருவார். ஆனால் அவரும் பூஜைக்குக் கடை பூட்டுகிறார், நாளை மறுநாள்தான் வர முடியும். பழைய மூன்று கம்ப்யூட்டர்களிலும் அந்தப் படம் கொள்ள இடமில்லை.

பூஜையன்று காலை பையன்கள் மாவிலை கட்டினார்கள். நான் பொரிகடலை கொண்டுபோனபோது மூன்று கம்ப்யூட்டர்களும் அணைந்து, பொட்டோடு இருந்தன. ராசாவின் முன்னால் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அழகுமுத்து நின்றார். சத்தம் நேற்றைவிடக் கிட்டக் கிட்டக் கேட்டது.

"அது ஓடட்டும் அண்ணே," என்றேன்.

"பொட்ட வச்சிட்டு ஓட்டச் சொல்றியா?"

"கிஷாந்த் படம் அதுலதானே இருக்கு."

"தெரியும். மாயாண்டிக்குக் கை இருந்திச்சு, அதுவும் தெரியும்."

அவர் சுவிட்சை அணைத்தார். விசிறி மெல்லச் சுற்றி நின்றது. நனைந்த தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவது அப்போதுதான் கேட்டது.

மறுநாள் சூடம் காட்டிவிட்டு ராசாவைப் போட்டார். ஒரு டிஸ்க் சுற்றியது. மற்றது ஒரே ஒரு முறை தட்டிவிட்டு அடங்கியது. ஹட்டன்காரர் வந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த டிஸ்க்கைப் பையிலிருந்து எடுக்காமலே போனார்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகவடிவு வந்தார். அழகுமுத்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். சண்முகவடிவு கறுப்புத் திரையை விட்டு, மூடி கழற்றியிருந்த ராசாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு இருக்குன்னீங்களே தம்பி. மத்தது நல்லாத்தானே இருக்கு?"

"இருக்குங்கக்கா."

"அப்ப பாதிப் புள்ளையாச்சும் தெரியுமில்ல?"

துண்டு துண்டாகப் பிரித்து எழுதியதால் பாதியாகவும் தெரியாது. அழகுமுத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். சண்முகவடிவு கையை உள்ளே நீட்டி, சுற்றும் டிஸ்க்கின் மேல் வைத்தார். அது சூடாக, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஓடுதே," என்றார். "இத நிப்பாட்டிறாதீங்க."

பிறகு ராசாவில் யாரும் விளையாடவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு அழகுமுத்து மற்ற மூன்றையும் அணைத்துப் பொட்டு வைத்தார். ராசாவை அணைக்கவில்லை; பொட்டும் வைக்கவில்லை. அன்று பொழுது சாயும்வரை, ஓடிக்கொண்டிருந்த ராசாவின் பக்கத்தில், இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைகளுக்குள் நுழைத்தபடியே இருந்தார்.