இரு பக்கமும் நகராத அசாஹெல் டப்பர்

அசாஹெல் டப்பர் எங்கள் ஊரில் பீப்பாய் செய்பவர். இங்கிலாந்து ராஜாவின் படையை எதிர்த்துப் போரிடப் போய், இடது கால் விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் மாநிலங்களின் அரசாங்கம் வலுவில்லாததால் படைக்கு மாவு வராத குளிர்காலத்தைப் பார்த்தவர். அரசாங்கம் வலுத்துவிட்டால் என்ன செய்யும் என்பதற்கு ராஜாவே சாட்சி. அவருடைய குழப்பம் அங்கே தொடங்கியது.

1787 டிசம்பரில், பதின்மூன்று மாநிலங்களையும் வலுவான ஒரே அரசாங்கத்தின் கீழ்க் கொண்டுவரும் புதிய அரசியல் சட்டம் பற்றி ஊர் தேவாலயத்தில் கூடியது. ஏற்கச் சொல்வதா, மறுக்கச் சொல்வதா? பாஸ்டன் மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிக்கு ஊர் கட்டளையிட வேண்டும். நான் ஊர் எழுத்தர். சட்டத்தை அச்சடித்த தாளை அசாஹெல் ஏழு முறை படித்துவிட்டு வந்திருந்தார்.

"மக்களாகிய நாங்கள்னு ஆரம்பிக்குது. என்னை யாரு கேட்டா?"

"அதுக்குத்தான்யா இன்னிக்குக் கூப்பிட்டிருக்கு," என்றார் கொல்லர் பெலெக்.

ஏற்பவர்கள் தேவாலயத்தின் கிழக்குப் பக்கம், மறுப்பவர்கள் மேற்கு என்று கூட்டத்தலைவரும் தேவாலய மூப்பருமான டீக்கன் ஹோவி அறிவித்தார். எல்லோரும் நகர்ந்தார்கள். நான் எண்ணினேன். கிழக்கே முப்பத்திரண்டு, மேற்கே முப்பத்தொன்று.

மேற்கிலிருந்து பெலெக் கத்தினார். "யோவ் அசாஹெல், நீ ஓட்டுப் போட்டியா, சும்மா குந்தியிருக்கியா?"

"இது எங்கப்பா வாங்கின பெஞ்சு. உக்காந்திருக்கேன்."

கூடமே சிரித்தது. அவர் பெஞ்சு கிழக்கில் இருந்தது. அவரை நீக்கினால் இரு பக்கமும் சமம்.

"எந்தப் பக்கம், அசாஹெல்?" என்றார் டீக்கன்.

அவர் நொண்டியபடி நடுவழிக்கு வந்து நின்றார். "நம்ம உரிமை எதுவும் இதுல இல்ல டீக்கன். பின்னாடி திருத்தலாமாம். ஒத்துக்கிட்டப்புறம் யாரு திருத்துவா? வேண்டாம்னா பதிமூணு மாநிலமும் பிச்சுக்கிட்டுப் போயிடாதா?"

"நகருங்க."

"தெரியலயே. தெரியாம எப்படி நகருறது?"

"அப்ப கட்டளை இல்லாம இவனையே பாஸ்டனுக்கு அனுப்புங்க," என்றார் பெலெக். "இனிமே யோசிக்க மிச்சமிருக்கிற ஆளு இவன் ஒருத்தன்தான்."

சிரிப்போடு எழுந்த யோசனை ஓட்டோடு முடிவானது; அசாஹெலே பிரதிநிதி.

பிப்ரவரியில் அசாஹெல் பாஸ்டனிலிருந்து திரும்பியதும் பெலெக் பட்டறையிலிருந்து நேராக அவர் வீட்டுக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன்.

"என்ன சொன்ன?"

"திருத்தம் வேணும்னு சேர்த்து எழுதினாங்க. என் பேரைக் கூப்பிட்டாங்க. ஆமான்னுட்டேன்."

"புரிஞ்சா சொன்ன?"

"பாதி."

"திருத்தம் வரலன்னா?"

"என்னைத் திட்டு. நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன்."

பெலெக் திரும்பிப் பட்டறைக்கு நடந்தார். அவர் கோபமாகப் போகிறாரா என்று அசாஹெல் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.