என் வேலையைப் பழக்கிக் கொடுத்த மூன்று கிழமை

பல்கலைக்கழகம் முடித்து, ஊரில் வேறு வேலை கிடைக்காமல், வட்டக்கச்சி வீட்டின் முன்னறையில் இருந்தபடியே அவுஸ்திரேலியக் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு மூன்று வருடம் வேலை செய்தேன். கார் விபத்துக்கு நட்டஈடு கேட்டு அங்குள்ளவர்கள் அனுப்பும் பத்திரங்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. கணினியில் அவர்கள் ஏற்றியிருந்த மென்பொருள் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் ஒன்றையும் தொடாவிட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி சிவப்பாகிவிடும். எத்தனை தரம் சிவந்தது என்று கிழமை முடிவில் மின்னஞ்சல் வரும். எழும்பிப் போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை, கிணற்றடியிலிருந்து அம்மா "பிள்ளை" என்று கூப்பிட்டது கேட்டது. ஒரு பத்திரம் பாதியில் நின்றது. முடித்துவிட்டு எழும்புவோம் என்று நினைத்தேன். மறுபடி சத்தம் வராததால் அடுத்ததையும் முடித்தேன். போய்ப் பார்த்தால், அம்மா ஈரச் சீமெந்தில் இருந்தபடி வலது மணிக்கட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தா. கை வீங்கிப்போயிருந்தது.

"ஏனம்மா திரும்பக் கூப்பிடேல்லை?"

"நீ வேலையில இருக்கிறாய் எல்லோ. அதான் ஒருக்காக் கூப்பிட்டிட்டு விட்டிட்டன்."

ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் என் மேலாளர் திரையில் வந்து அம்மாவின் சுகம் விசாரித்தார். அதே வாயால், நேற்று என்னுடைய வேலை நன்றாகக் குறைந்துவிட்டது என்றும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அம்மாவின் கைக்கட்டு அவிழ்க்க முன்னமே, பிலிப்பைன்சில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்று கிழமை வேலை பழக்கச் சொன்னார்கள். "உங்களுக்கு உதவிக்கு ஓர் ஆள்" என்றார் மேலாளர். எனக்கு இந்த வேலையைப் பழக்கியதும் அவுஸ்திரேலியாவில் இருந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்தான். கடைசி நாளில், "இன்றோடு எனக்கு வேலை முடிகிறது" என்றா. ஓய்வுபெறுகிறா என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். அவா நன்றி சொன்னா. அவாவை நிறுத்திவிட்டுத்தான் என்னை எடுத்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

புதிதாக வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருக்கும். முதல் கிழமை நான் ஒரு விசயத்தை வேண்டுமென்றே மறைத்தேன். ஒரே திருத்தவேலைக்கு இரண்டு பில் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது எனக்குப் பழகிப் பழகி வந்தது. அதை ஏன் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அவள் பிழைவிட்டாள். மேலாளர் காணொளிக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவளுக்கு ஏசினார். அவள் மைக்கை நிறுத்திவிட்டாள், முகம் மட்டும் தெரிந்தது.

அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டு அதையும் காட்டிக்கொடுத்தேன். பிறகு, "நீங்கள் எனக்கு உதவிக்கு வரவில்லை. என்னுடைய இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்" என்றேன்.

"தெரியும்," என்றாள். "சேரும்போதே சொன்னார்கள். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்கள்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மிச்ச இரண்டு கிழமையும் ஒழுங்காகப் பழக்கினேன். முடிந்த அன்று மத்தியானம், ஒரு பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை என்னை வெளியே தள்ளியது. கடவுச்சொல்லை மூன்று தரம் அடித்துப் பார்த்தேன். பிறகுதான், வேலை முடிந்தது என்று மின்னஞ்சல் வந்தது.

நாலு மாதம் ஊருக்குள் வேலை தேடினேன். கிடைத்தது இன்னொரு வெளிநாட்டுக் கம்பனிதான். இவர்களுக்குப் புள்ளி போதாது, வேலை முடியுமட்டும் கமரா திறந்திருக்கவேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

"நான் குறுக்கால போனா அவையளுக்குத் தெரியுமோ?" என்று அம்மா கேட்டா.

"ஓம்" என்றேன்.

எங்கள் வீட்டில் உள்ளால் குசினிக்குச் சமைக்கப் போக முன்னறையால்தான் வழி. அன்றிலிருந்து அம்மா வீட்டைச் சுற்றிப் பின்பக்கக் கதவால் போய்வருகிறா. மழை நாளிலும் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் போகிறா. உள்ளால வாங்கோ அம்மா என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.